பொய் சொல்லிப் பழகிய முள்

சிங்கப்பூரில் பதிவான கார் நம் ஜொகூருக்குள் வர வேண்டுமானால் அதன் டேங்கியில் முக்கால்வாசி எண்ணெய் இருக்க வேண்டும். 1991 முதல் அங்கே அதுதான் சட்டம். அதைச் சொல்லும் சாட்சி, டாஷ்போர்டில் இருக்கும் எண்ணெய் முள். பாலத்துக்கு இந்தப் பக்கம் இருக்கும் நாம் அந்த முள்ளை அவ்வளவாக மதிப்பதில்லை. எங்கள் வீட்டிலும் அப்படித்தான், போன மாதம் ஒரு சனிக்கிழமை இரவு வரை.

அப்பாவின் டீசல் பிக்கப்புக்கு 20 வயது தாண்டிவிட்டது. குளுவாங் பக்கத்தில் செம்பனைக் குலை ஏற்றி ஓடிய வண்டி. ஒரு வருடமாக முள் ஓரிடத்தில் நிற்காது. பாதி டேங்கி காட்டும். பள்ளத்தில் இறங்கினால் காலிக்கு விழும், மேடேறினால் மறுபடி பாதிக்குத் தாவும். பட்டறையில் கேட்டதற்கு மீட்டர் பலகையையே மாற்றச் சொன்னார்கள். "எதுக்குய்யா காசு? எவ்வளவு ஓடியிருக்குன்னு எனக்குத் தெரியும்" என்று அப்பா விட்டுவிட்டார்.

தீபகற்பத்தில் 2024 ஜூன் 10-ல் டீசல் லிட்டர் 2.15 வெள்ளியிலிருந்து 3.35 வெள்ளியானது. அதிலிருந்து அவர் டேங்கியை நிரப்புவதில்லை; ஐம்பது வெள்ளிக்கு அடிப்பதோடு சரி. அந்தச் சனிக்கிழமை காலையில் தம்பி அதே வண்டியில் கல்யாண வீட்டுக்கு நாற்காலி ஏற்றிப்போனது அப்பாவின் கணக்கில் இல்லை. ஜொகூர் பாருவில் கல்யாணம் முடிந்து அம்மாவோடு திரும்பும்போது, கூலாய் தாண்டி நெடுஞ்சாலையில் வண்டி நின்றுவிட்டது. முள் காலியைத்தான் காட்டிக்கொண்டிருந்தது. வழக்கமான பொய் என்று நினைத்துவிட்டார். நாங்கள் டீசலோடு போய்ச் சேரும்வரை, பட்டுப்புடவையோடு அம்மா தடுப்புக் கம்பிக்கு அப்பால் புல்லில் நின்றிருந்தார். லோரிகள் கடக்கும்போதெல்லாம் வண்டி குலுங்கியது.

டீசலை ஊற்றியதும் புறப்பட முடியவில்லை. டீசல் வண்டி வறண்டால் குழாய்க்குள் காற்று புகுந்துவிடும். ஃபில்டர் மேல் இருக்கும் கை பம்பை அது இறுகும்வரை அமுக்கிக் காற்றை வெளியேற்றிய பிறகுதான் எஞ்சின் பிடித்தது.

மறுநாள் நானே உட்கார்ந்து பார்த்தேன். டேங்கிக்குள் ஒரு மிதவை இருக்கிறது. எண்ணெய் ஏற இறங்க அதன் கை ஒரு மின்தடைப் பட்டையில் நகரும். பல பழைய ஜப்பானிய வண்டிகளில் டேங்கி நிறைந்திருந்தால் தடை சில ஓம்தான். காலியானால் நூறு ஓம் அளவுக்கு ஏறும். தடை கூடக் கூட முள் இறங்கும். ஆக, வழியில் எங்காவது துரு பிடித்துத் தடை கூடினாலும், எண்ணெய் இருக்கும்போதே முள் காலிக்கு விழும்.

முள் எப்போது ஆடுகிறது என்று கவனித்தாலே பாதி விடை கிடைக்கும். பிரேக் போடும்போதும் வளைவிலும் மெதுவாக அசைந்தால், அது டேங்கிக்குள் எண்ணெய் அலைவது, கோளாறு இல்லை. எப்போதும் ஒரே அளவில், உதாரணமாகப் பாதியில் மட்டும் துடித்தால், பட்டை அந்த இடத்தில் தேய்ந்திருக்கலாம். வெப்ப முள்ளும் சேர்ந்து ஆடினால் மீட்டர் பலகைக்கு வரும் மின்சாரத்தையோ அதன் எர்த்தையோ பாருங்கள். பள்ளம் மேட்டில் சட்டென்று தாவினால் பெரும்பாலும் தளர்ந்த இணைப்புதான்.

எங்கள் வண்டி கடைசி ரகம். சாவியை அணைத்துவிட்டு, மிதவையின் எர்த் வயருக்கும் சேசிஸுக்கும் இடையே மல்டிமீட்டர் வைத்தேன். கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டும். நாற்பது ஓம் காட்டியது; வயரை ஆட்டினால் எண்ணும் ஆடியது. டேங்கிக்குப் பக்கத்தில் சேசிஸில் முடுக்கிய எர்த் திருகு, தோட்டத்துச் சேற்றில் துருவேறிக் கிடந்தது. உப்புத்தாளால் தேய்த்து, வயர் முனையை மாற்றி, இறுக்கி, மேலே கிரீஸ் தடவினேன். பத்து வெள்ளிகூட ஆகவில்லை.

இந்த அளவு வேலையை வீட்டிலேயே செய்யலாம். மிதவையையே கழற்ற வேண்டியிருந்தால் பட்டறைக்குப் போங்கள். பெட்ரோல் வண்டியில் ஆவிக்கு ஒரு தீப்பொறி போதும்.

"இப்ப நம்பலாமா?" என்று கேட்டார் அப்பா. டேங்கியை நிரப்பி, முள் காலுக்கு வரும்வரை ஓட்டச் சொன்னேன். 75 லிட்டர் டேங்கியில் அப்போது 55 லிட்டர் அளவு பிடிக்க வேண்டும். 54 பிடித்தது. ரசீதைப் பார்த்துவிட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். இப்போது கால் டேங்கி காட்டினாலே நிலையத்தில் வண்டியைத் திருப்பிவிடுகிறார். அம்மா பக்கத்தில் இருந்தால் பாதியிலேயே.