படிக்கச் சொன்னால் போதுமா? நேரம் யார் கொடுப்பது?

அரசு வேலை கிடைத்துவிட்டால் அதற்குப் பிறகு புத்தகத்தைத் தொட வேண்டியதில்லை என்ற காலம் மலையேறிவிட்டது. 2017 ஜூலை 1-ல் சரக்கு, சேவை வரி வந்தது. வரி அலுவலகக் குமாஸ்தாக்கள் புதிய பாடம் படித்தார்கள். 2024 ஜூலை 1-ல் இந்திய தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்தது. பழைய பிரிவு எண்களை மனப்பாடமாக வைத்திருந்த ஏட்டுகளும் மீண்டும் முதலிலிருந்து படித்தார்கள். ரயில்வேயில் அட்டை டிக்கெட் போய்க் கம்ப்யூட்டர் வந்தது. இன்று பயணி தன் கைப்பேசியிலேயே டிக்கெட் எடுத்துக்கொள்கிறார். ஊழியர் படித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பதில் இரு கருத்துக்கு இடமில்லை.

இதற்காகத்தான் மத்திய அமைச்சரவை 2020 செப்டம்பர் 2-ல் 'மிஷன் கர்மயோகி' திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. சுமார் 46 லட்சம் மத்திய அரசு ஊழியர்களுக்காக, ஐந்து ஆண்டுகளில் 510.86 கோடி ரூபாய் ஒதுக்கீடு. 'ஐகாட் கர்மயோகி' என்ற இணையதளத்தில் ஊழியர் தன் பெயரைப் பதிந்துகொள்ளலாம். கைப்பேசியிலோ கம்ப்யூட்டரிலோ பாடத்தைப் பார்த்து, கேள்விகளுக்கு விடையளித்துச் சான்றிதழ் பெறலாம். மாநில அரசு ஊழியர்களும் சேர, 2025-ல் பதிவு செய்தோர் தொகை ஒரு கோடியைத் தாண்டியது.

நல்ல திட்டம்தான்

திட்டத்தின் நன்மையை மறுப்பதற்கில்லை. முன்பெல்லாம் பயிற்சி என்றால் அதிகாரிகளுக்குத்தான். அவர்கள் முசோரிக்குப் போவார்கள். குமாஸ்தாவுக்கு வேலையில் சேரும்போது ஒரு முறை, பதவி உயர்வின்போது ஒரு முறை கிடைத்தால் பெரிய காரியம். கைக்குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு வாரக்கணக்கில் வெளியூரில் தங்க முடியாமல், வந்த பயிற்சியை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்த பெண் ஊழியர்கள் உண்டு. இன்று செயலாளர் நுழையும் தளத்தில் கடைநிலை ஊழியரும் நுழையலாம். இது சிறிய மாற்றமல்ல.

ஆனால் பழைய முறையில் இருந்த ஒன்று புதிய முறையில் காணாமற்போய்விட்டது. மும்பையிலிருந்து ஒரு ரயில்வே குமாஸ்தா புசாவல் பயிற்சிப் பள்ளிக்குப் போனால், அந்த நாட்கள் எல்லாம் வேலை நாட்களே. சம்பளம் உண்டு, பாஸ் உண்டு, தங்க இடம் உண்டு. அவருடைய கவுண்டரில் வேறொருவர் உட்காருவார். பாடம் நடத்துபவரும் ஸ்டேஷனில் வேலை பார்த்து அடிபட்டவராகவே இருப்பார். சந்தேகம் கேட்டால் அனுபவத்திலிருந்து பதில் வரும்.

இப்போது கைப்பேசி ஊழியருடையது. டேட்டாவும் அவருடையது. படிக்கும் நேரமும் அவருடையதே. செலவு சத்தமில்லாமல் நிர்வாகத்தின் தோளிலிருந்து ஊழியரின் தோளுக்கு இறங்கிவிட்டது.

எப்போது படிப்பது?

எங்கிருந்தும், எந்த நேரத்திலும் படிக்கலாம் என்கிறார்கள். லோக்கலில் போகும்போது படித்தால் என்ன என்று கேட்கும் மேலதிகாரிகளும் இருக்கிறார்கள். விரார் லோக்கலிலோ கல்யாண் லோக்கலிலோ காலை எட்டரை மணிக்கு ஒற்றைக் காலில் தொங்கி வருபவரைப் பார்த்துக் கேட்க வேண்டிய கேள்வியா இது? கவுண்டரில் உட்கார்ந்தபின் வரிசை விடாது. வீடு திரும்பினால் தண்ணீர் பிடிப்பதும் பிள்ளைகளின் படிப்பும் காத்திருக்கின்றன.

விளைவு என்ன? பாடத்தை ஒரு பக்கம் ஓடவிட்டு, மறுபக்கம் ரெஜிஸ்டர் எழுதுகிறார்கள். எனக்குத் தெரிந்த ஓர் அலுவலகத்தில், இன்று மாலைக்குள் எல்லோரும் முடித்தாக வேண்டும் என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. அப்பாவுக்காகக் கல்லூரிக்குப் போகும் மகன் பரீட்சை எழுதினான். சான்றிதழ் வந்துவிட்டது. பாடம் வந்ததா?

2025-ல் வந்த உத்தரவுப்படி இப்பாடங்கள் ஆண்டு மதிப்பீட்டு அறிக்கையோடும் இணைக்கப்படுகின்றன. பதவி உயர்வைத் தொடும் விஷயம் இது. ஆகவே நேரம் கிடைக்கும் ஹெட் ஆபீஸ்காரருக்கும், ஷிப்டில் மாட்டிக்கொண்ட ஸ்டேஷன் ஊழியருக்கும் ஒரே அளவுகோல் வைப்பது நியாயமாகாது.

வழி இருக்கிறது

2024 அக்டோபரில் தேசிய கற்றல் வாரம் நடந்தபோது, ஒவ்வொருவரும் குறைந்தது நான்கு மணி நேரம் படிக்க வேண்டும் என்று இலக்கு வைத்தார்கள். அதே நான்கு மணி நேரத்தை மாதத்துக்கு ஒரு முறை டூட்டி ரோஸ்டரிலேயே எழுதிவிடலாமே! அரை ஷிப்ட்தான். வேலை கெட்டுவிடும் என்பது சரியான சாக்கல்ல. வாரக்கணக்கில் புசாவலுக்கு அனுப்ப முடிந்த நிர்வாகத்துக்கு மாதம் அரை நாள் பாரமாகாது.

பணம்? 510.86 கோடியை 46 லட்சத்தால் வகுத்தால் தலைக்குச் சுமார் 1,110 ரூபாய். ஆண்டுக்கு 222 ரூபாய். இவ்வளவு மலிவாகப் பயிற்சி நடக்கும்போது, மிச்சமாகும் பயணச் செலவில் ஒரு பகுதியை மாற்று ஆளுக்குச் செலவிடக் கூடாதா? சம்பளப் பட்ஜெட்டில் குறைந்தது 2.5 சதவீதத்தைப் பயிற்சிக்கென்றே ஒதுக்க வேண்டும் என்று 2012-ம் ஆண்டின் தேசியப் பயிற்சிக் கொள்கை சொல்கிறது. கடைநிலையிலிருந்து எல்லோருக்கும் பயிற்சி வேண்டும் என்பதும் அதே கொள்கைதான்.

பெரிய ஸ்டேஷன்களில் ஓர் அறையும் இரண்டு கம்ப்யூட்டரும் போட வேண்டும். மாதம் ஒரு நாள் அனுபவஸ்தர் ஒருவர் வந்து சந்தேகம் தீர்க்க வேண்டும். பாடங்களும் இருக்கைக்கு ஏற்றவையாக இருக்க வேண்டும். பத்தாவது தேறி வேலைக்கு வந்தவன் நான். தலைமைப் பண்பு பற்றிய ஆங்கிலப் பாடத்தைவிட, கவுண்டரில் நிற்கும் மராட்டிக் கிழவிக்கு அவர் பாஷையில் பதில் சொல்லக் கற்றுத்தரும் பாடமே என் போன்ற தமிழ்க் குமாஸ்தாவுக்கு உதவும்.

நம்மவர்களுக்கும் ஒரு வார்த்தை. பரீட்சையை மகனிடம் தள்ளிவிட வேண்டாம். நாளை புதிய விதியோடு பயணி வந்து நிற்கும்போது மகன் கவுண்டருக்கு வரமாட்டான். அரை மணி நேரமானாலும் நாமே படிப்போம். டூட்டி நேரத்தில் படிக்கும் உரிமையைச் சங்கங்கள் வழியாகக் கேட்போம்.

எண்ணெய் ஊற்றாமல் விளக்கு எரியவில்லை என்று திரியைத் திட்டிப் பயனில்லை. ரயில்வே வாரியமும் மத்திய அரசும் ஆவன செய்யுமா?