கிணற்று மின்சாரத்திற்குக் கணக்கு வேண்டும்

விழுப்புரம், திண்டிவனம் பகுதிகளில், ஏரிப் பாய்ச்சலுக்கு எட்டாத நிலங்களில் நெல்லும் கரும்பும் இறவை மணிலாவும் விளைவது கிணற்று நீரினாலேயே என்பது யாவரும் அறிந்ததே. கவலையும் ஏற்றமும் செய்துவந்த வேலையை இன்று மின்சார பம்புசெட்டுகள் செய்கின்றன. ஆகவே, இனிவரும் ஆண்டுகளில் நாட்டிற்கு எவ்வளவு மின்சாரம் வேண்டியிருக்கும் என்று சர்க்கார் போடும் திட்டம் குடியானவனுடைய வயலையே தொடுவதாகும். அத்திட்டத்தின் அடிப்படைக் கணக்கு எத்தகையது என்பதை மிராசுதார்களும் கிராம அதிகாரிகளும் ஆலோசிக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் 1984-ல் சிறு விவசாயிகளுக்கும், 1990-ஐ ஒட்டி எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் கட்டணமின்றி வழங்கப்பட்டது. கட்டணம் இல்லாதபோது மீட்டர் எதற்கு என்ற எண்ணத்தில், பெரும்பாலான கிணறுகளில் மீட்டர் வைக்கப்படவில்லை. எனவே விவசாயத்திற்குச் செலவாகும் மின்சாரம் அளந்து அறியப்படுவதில்லை, மதிப்பிடப்படுகிறது. இணைப்புகளின் மொத்தக் குதிரைச்சக்தியை எடுத்துக்கொண்டு, சில மாதிரி மீட்டர்களின் அளவைக்கொண்டு ஒரு குதிரைச்சக்திக்கு ஆண்டுக்கு இத்தனை யூனிட் என்று வைத்துப் பெருக்குவதே வழக்கம்.

இம்முறையில் சிறு பிழையும் எவ்வளவு பெரிதாகும் என்பதற்கு ஓர் உதாரணம் கூறுவோம். 5 குதிரைச்சக்தி மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் குறைந்தது சுமார் 4 யூனிட் செலவாகும். அது ஆண்டில் 1,000 மணி ஓடுவதாகக் கொண்டால் 4,000 யூனிட். 1,500 மணி என்றால் 6,000 யூனிட். நமது மாநிலத்தில் விவசாய இணைப்புகள் 20 லட்சத்திற்கும் மேற்பட்டவை. எல்லா மோட்டார்களும் இதே அளவினவென்று வைத்துக்கொண்டால், 500 மணி பற்றிய இந்த ஓர் ஐயம் மட்டுமே 400 கோடி யூனிட் வித்தியாசமாகிவிடுகிறது.

வருங்காலத் தேவையைக் கணிக்கும் பொருளாதார நிபுணர்கள், பல ஆண்டுகளின் செலவை மழையளவு, சாகுபடிப் பரப்பு, நீர்மட்டம் ஆகியவற்றோடு ஒப்பிட்டு, எது கூடினால் எது எவ்வளவு கூடும் என்னும் உறவைக் கண்டு, அதை வரும் ஆண்டுகளுக்கு நீட்டுகிறார்கள். இந்த முறை நல்லதே. ஆயின், சென்ற காலச் செலவே பெருக்கல் வாய்ப்பாட்டால் எழுதப்பட்டதாயிருந்தால், அதிலிருந்து கிடைப்பது உண்மையான உறவன்று. நாம் முன்பு எழுதி வைத்த வாய்ப்பாடே திரும்பி வந்து நிற்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மோட்டார் ஓய்ந்திருப்பதும், மார்கழிப் பட்டத்து மணிலாவிற்காகத் தை முதல் பங்குனி வரை ஓடுவதும், சித்திரை வெயிலில் கரும்புக்கு இரவும் இறைப்பதும் அந்த ஏட்டில் காணப்படமாட்டா.

இக்குறை நமக்குப் புதிதன்று. முற்காலத்தில் மகசூலும் பதினாறணா, பன்னிரண்டணா என்று கண்மதிப்பாலேயே எழுதப்பட்டது. 1931-ல் இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவிய மகாலனோபிஸும், பி. வி. சுகாத்மேயும் 1940-களில் மாதிரி அறுவடை முறையை வளர்த்தார்கள். சீட்டுப்போல் தேர்ந்த வயலில் 5 மீட்டருக்கு 5 மீட்டர் அளந்து அறுத்து எடைபோடும் முறை அதன்பின் பரவியது. இன்று பயிர்க்காப்பீட்டு இழப்பீடும் அவ்வெடையைப் பொறுத்ததே. திண்டிவனம் ஆராய்ச்சி நிலையத்து டி.எம்.வி. மணிலா ரகங்களை நம்பி விதைத்ததும், அவை பாத்தி பாத்தியாய் எடைபோட்டுத் தேறியவை என்பதனாலன்றோ? விதைக்கும் விளைச்சலுக்கும் வேண்டிய அளவை, நீருக்கும் மின்சாரத்திற்கும் வேண்டாமா?

அளக்காததால் முதல் நஷ்டம் விவசாயிக்கே. கம்பியில் வீணாகும் மின்சாரமும் திருட்டுப்போகும் மின்சாரமும், மீட்டரில்லாத விவசாயக் கணக்கில் சேர்ந்து மறைய இடமுண்டு. ஹரியானாவில் மாதிரி மீட்டர்கள் வைத்துச் செய்து 2001-ல் வெளியான உலக வங்கி ஆய்வு, விவசாயத்தின் பேரில் எழுதப்பட்டதைவிட உண்மைச் செலவு குறைவென்று கண்டது. குடியானவன் உபயோகிக்காத யூனிட்டுக்கும் பழியை அவனே சுமக்கிறான். இரண்டாவதாக, ஒரு கிராமத்தின் உண்மையான சுமை தெரியாவிடில், டிரான்ஸ்பார்மர் போதிய அளவில் வைக்கப்படாது. மின்னழுத்தம் குறைந்து மோட்டார் சுருள் கருகும் செலவு அவனையே சாரும். மூன்றாவதாக, நீர்மட்டம் இறங்க இறங்க, ஒரே பயிருக்கு அதிக மின்சாரம் செலவாகிறது. மீட்டர் இருப்பின் இவ்வபாயத்தை, கிணறு வற்றுமுன்னரே யூனிட் கணக்கு நமக்குக் காட்டும்.

மீட்டர் வந்தால் கட்டணமும் வரும் என்ற அச்சத்தை அறியாமை என்று தள்ளிவிடுவது நியாயமன்று. 1970-களின் தொடக்கத்தில், நாராயணசாமி நாயுடு அவர்கள் தலைமையில் கோவைப் பகுதி விவசாயிகள் மின்கட்டண உயர்வை எதிர்த்துக் கிளர்ந்ததையும், 2003-ல் கட்டணம் மீண்டும் விதிக்கப்பட்டு 2004-ல் நீக்கப்பட்டதையும் மறந்தவரில்லை. ஆயினும், அளத்தல் வேறு, விலை விதித்தல் வேறு. 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 55-ஆவது பிரிவு மீட்டர் வேண்டுமென்கிறது. அதே சட்டத்தின் 65-ஆவது பிரிவு, சலுகை வழங்கும் மாநில சர்க்கார் அதற்குரிய தொகையை முன்னதாகச் செலுத்துமாறு கூறுகிறது. ஆகவே மீட்டரும் சலுகையும் ஒருங்கே நிற்கக் கூடியவை. பஞ்சாபில் 2018-ல் விருப்பமுள்ள விவசாயிகளுக்கு மீட்டர் வைத்து, குறித்த அளவிற்குள் மிச்சப்படுத்திய ஒவ்வொரு யூனிட்டுக்கும் 4 ரூபாய் தரும் திட்டம் தொடங்கப்பட்டது. அங்கு மீட்டர் விவசாயியிடம் பணம் வாங்கும் கருவியாக அன்றி, அவனுக்குப் பணம் தரும் கருவியாயிற்று.

எனவே நமது அபிப்பிராயம் இது. கட்டணமில்லா மின்சாரம் மீட்டரால் பாதிக்கப்படாது என்று சர்க்கார் முதலில் எழுத்து மூலம் உறுதி கூற வேண்டும். பின்பு, விவசாய டிரான்ஸ்பார்மர் ஒவ்வொன்றிலும் மீட்டர் வைத்தல் நலம். மாதிரிக் கிணறுகளைச் சாலையோரத்தில் வசதி பார்த்துத் தேர்ந்தெடுக்காமல், மாதிரி அறுவடைக்கு வயல் தேர்வதுபோல் சீட்டு முறையில் தேர்ந்தெடுக்க வேண்டும். அவ்வளவுகளைக் கிராமந்தோறும் விளம்பரப்படுத்த வேண்டும்.

இதில் கிராம நிர்வாக அலுவலரின் பங்கு சிறிதன்று. எந்தச் சர்வே நம்பரில் எந்தப் பயிர், எந்த நீராதாரம் என்பது அவருடைய அடங்கலில் உள்ளது. அதனுடன் ஒவ்வொரு பசலியிலும் மழைக்கு முன்னும் பின்னும் சில கிணறுகளின் நீராழத்தையும் குறித்து வைத்தால், எந்த நிபுணருடைய கணிப்புக்கும் அதைவிடச் சிறந்த ஆதாரம் கிடையாது. மிராசுதார்களும் தத்தம் மோட்டார் ஓடிய மணிகளை ஒரு நோட்டில் எழுதி வருவார்களாயின், நாளைக்குச் சலுகையைப் பற்றி விவாதம் எழும்போது, சொல்லுக்குப் பதில் கணக்கை எடுத்து வைக்கலாம்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றனர் பெரியோர். ஆற்றுக்கே அவ்விதியென்றால், ஆண்டுக்காண்டு ஆழமாகிவரும் நமது கிணறுகளுக்கு அது எத்தனை மடங்கு பொருந்தும்!