ஆளுநர் பெயரில் வரும் ஆணை யாருக்குப் பதில் சொல்லும்?

"ஆளுநர் பதவி வெள்ளைக்காரன் விட்டுப்போன எச்சம். அதை ஒழித்தால் பாதிப் பிரச்சினை தீரும்" என்று விழுப்புரம், திண்டிவனம் பகுதிக் கல்லூரித் தோழர்கள் எங்களிடம் சொல்கிறார்கள். எச்சம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதை ஒழித்தால் நம் பிரச்சினையில் எவ்வளவு தீரும் என்று பார்க்க, அந்தப் பதவியோடு நமக்கு இருந்த கணக்கை ஒருமுறை புரட்ட வேண்டும்.

1858இல் கம்பெனி ஆட்சி முடிந்து விக்டோரியா அரசியின் ஆட்சி வந்தது. அரசி இந்தியாவுக்கு வரவே இல்லை. அவர் பெயரால் சென்னை மாகாணத்தை ஆண்டவர் கவர்னர். அவரை அனுப்பியது லண்டன், கேள்வி கேட்டதும் லண்டன். அன்றைய தென்னாற்காடு மாவட்டத்தின் திண்டிவனத்தில் சேரியில் இருந்தவருக்கு அவரைக் கேட்க வழியில்லை, மனுப் போடலாம், அவ்வளவுதான்.

1891இல் செங்கல்பட்டு கலெக்டர் டிரமென்ஹீர், பறையர் மக்களின் நிலை பற்றி அரசுக்கு அறிக்கை அனுப்பினார். தரிசு நிலம் கேட்டு நம் மக்கள் மனுப் போட்டாலும் மிராசுதாருக்கே முன்னுரிமை போகிறது என்பதை அதில் எடுத்துக் காட்டினார். வென்லாக் பிரபு கவர்னராக இருந்தபோது, 1892 செப்டம்பர் 30 அன்று வருவாய்த்துறை அரசாணை 1010 வந்தது. இன்று நாம் பஞ்சமி நிலம் என்று சொல்வதன் வேர் அதுதான். முதல் பத்து ஆண்டுக்கு விற்கக் கூடாது, அதன்பின் விற்றாலும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கே விற்க வேண்டும், மீறினால் அரசு நிலத்தைத் திரும்ப எடுக்கலாம் என்பவை நிபந்தனைகள்.

ஆணை கோட்டையிலிருந்து கிளம்பியது. ஊரில் அதைக் கையில் வாங்கியவர் கர்ணம். பதிவேடு அவரிடம், அவரோ ஊர்த்தெருக்காரர். மேலே லண்டனுக்குப் பதில் சொன்ன பதவி, கீழே சேரிக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நிலம் கை மாறியபோது தட்டிக்கேட்க ஆளில்லை.

சட்டசபையிலும் இதே கதைதான். 1919 சட்டத்தின்படி சென்னை சட்டமன்றத்துக்கு நம் பிரதிநிதிகள் கவர்னரின் நியமனத்தால்தான் போனார்கள். எம்.சி. ராஜா, இரட்டைமலை சீனிவாசன் இருவரும் அப்படிப் போனவர்களே. பொதுச் சாலையிலும் கிணற்றிலும் எல்லாருக்கும் உரிமை உண்டு என்ற தீர்மானத்தை 1924இல் சீனிவாசன் கொண்டுவந்தார். அது நிறைவேறி அரசாணையும் ஆனது. ஆனாலும் ஊர்க் கிணறு திறக்கவில்லை. அவர்கள் போராட்டத்தை நாங்கள் குறைத்துச் சொல்லவில்லை. மேலிருந்து வந்த உரிமையைக் கீழே காப்பாற்ற அதிகாரம் நம்மிடம் இல்லாததே குறை.

இன்றைக்கு வருவோம். ஆளுநர் தன் விருப்பப்படி ஆள்பவர் அல்ல என்று 1949இலேயே அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் விளக்கினார். ஆனாலும் அவரை நியமிப்பதும் எடுப்பதும் டெல்லிதான். தமிழ்நாட்டின் மசோதாக்கள் கிண்டியில் கிடந்ததும், வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனதும் உங்களுக்குத் தெரியும். அந்தச் சண்டையில் நாங்கள் மாநில உரிமையின் பக்கம்தான்.

ஆனால் இன்னொன்றையும் கேளுங்கள். அரசியலமைப்பின் 166ஆம் பிரிவுப்படி மாநில அரசின் ஆணைகள் எல்லாம் ஆளுநர் பெயரில்தான் வெளிவருகின்றன. பெயர் அவருடையது, முடிவு நாம் ஓட்டுப்போட்ட அமைச்சரவையுடையது. பஞ்சமி நிலத்தை மீட்க எந்த ஆளுநரின் ஒப்புதலும் தேவையில்லை. 1892ஆம் ஆண்டின் நிபந்தனையே போதும், வருவாய்த்துறை மனம் வைத்தால் போதும். 1994 அக்டோபரில், காரணை பஞ்சமி நிலத்துக்கான போராட்டத்தில் ஜான் தாமஸையும் ஏழுமலையையும் துப்பாக்கிச் சூட்டில் கொன்றது கவர்னர் அல்ல, மக்கள் தேர்ந்தெடுத்த அரசின் போலீஸ். ஆளுநரை எதிர்த்து மாநில உரிமை பேசுகிறவர்கள், தங்கள் கையில் இருக்கும் அதிகாரத்தால் இந்த நிலத்துக்கு என்ன செய்தார்கள் என்று கேட்பது துரோகம் ஆகாது. கேட்காவிட்டால்தான் துரோகம்.

விழுப்புரம் மாவட்டம் உருவானதும் ஒரு செப்டம்பர் 30இல்தான், 1993இல். அந்த நாளை நாம் எடுத்துக்கொள்வோம். அதற்கு முன் ஒவ்வொரு தோழரும் தம் ஊருக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுப் போடட்டும். பழைய செட்டில்மென்ட் பதிவேட்டில் டி.சி. நிலம் என்று உள்ள சர்வே எண்களையும், இன்றைய 'அ' பதிவேட்டில் அதே எண்களுக்கு உள்ள பெயர்களையும் கேளுங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பட்டியல் போடுங்கள். செப்டம்பர் 30 அன்று அந்தப் பட்டியலோடு ஆட்சியர் அலுவலகத்துக்குப் போவோம்.