டயர்ல எழுத்தை மட்டும் படிச்சா போதுமா அண்ணாச்சி?

கார் வாங்கின நம்ம பதிவர்கள் என்ன எழுதுவாங்க? மைலேஜ், பாட்டு சிஸ்டம், அப்புறம் நாலுவழிச் சாலையில முள்ளு எத்தனையைத் தொட்டுச்சுன்னு ஒரு பீலா. டயரைப் பத்தி எழுதினாலும் "டி ரேட்டிங், 190 வரைக்கும் தாங்கும்"னு ஒரு வரி. அந்த எழுத்துக்கு முன்னாடி ஒரு எண் இருக்கே, அதை யாரும் சீண்டுறதில்ல. இந்தப் பதிவு அந்த எண்ணுக்கு வக்காலத்து. திட்டு உங்களுக்கு மட்டும் இல்ல, எனக்கும்தான்.

முதல்ல என் கதை. ஒரு டிசம்பர் கடைசி. சிவகாசியில அச்சடிச்ச காலண்டரையும் டைரியையும் அவசரமா மதுரையில சேர்க்கணும். பார்சல் சர்வீஸ்ல லேட்டாகும்னு, என் காரோட பின்சீட்டை மடக்கி அடைச்சாச்சு. பேப்பர்தானேன்னு நெனைப்பு. பேப்பர் கட்டைத் தூக்கிப் பார்த்தவனுக்குத்தான் அது கல்லு கனம்னு தெரியும். பக்கத்து சீட்ல மச்சான். திருத்தங்கல், ஆமத்தூர் தாண்டி, விருதுநகர்ல நாலுவழிச் சாலை ஏறி 90ல போனோம். கள்ளிக்குடி பக்கம் டீ குடிக்க நிறுத்தினா கருகின ரப்பர் வாடை. பின்பக்க இடது டயர் பக்கவாட்டுல முட்டை மாதிரி புடைச்சு நிக்குது.

டீ குடிச்சிட்டிருந்த லாரி டிரைவர் ஒருத்தர் வந்தார். டயர்ல கைய வச்சிட்டு வெடுக்குன்னு எடுத்தார். எவ்வளவு வேகத்துல வந்தீங்கன்னு கேப்பார்னு நெனைச்சேன். அவர் கேட்டது, "என்ன லோடு தம்பி?" தெரியல. எடை போட்டாத்தானே தெரியும்! "காத்து எவ்வளவு?" 26ன்னேன். ஏப்ரல் வெயில்ல டயர் வெடிச்சிரும்னு யாரோ சொன்னதைக் கேட்டு 26க்குக் குறைச்சவன், அதுக்கப்புறம் பங்க்ல அதே 26தான் கேட்டு அடிச்சிட்டிருந்தேன். அவர் திட்டல. சிரிச்சார். திட்டியிருந்தா தேவலை.

வீட்டுக்கு வந்துதான் டயரைப் படிச்சேன். வண்டியில மொதல்ல இருந்தது 165/80 ஆர் 14, 85 டி. மாத்தப் போன கடையில ஸ்டாக் இல்லைன்னு 175/65 ஆர் 14 போட்டு விட்டாங்க. "அகலம் கூட சார், ரோட்டைக் கவ்விப் பிடிக்கும்." நானும் பெரிய இவன் மாதிரி எழுத்தைப் பார்த்தேன். அதுலயும் டி, இதுலயும் டி. திருப்தி. எண்ணைப் பார்க்கல. புதுசுல 82.

82ன்னா 82 கிலோ இல்ல, அது அட்டவணைக் குறியீடு. 82க்கு ஒரு டயர் 475 கிலோ. 85க்கு 515 கிலோ. டயருக்கு 40, நாலுக்கும் சேர்த்து 160 கிலோ போச்சு. அகலம் கூடுச்சு, தாங்குற சக்தி குறைஞ்சுச்சு! சுமையைத் தாங்குறது பெரும்பாலும் ரப்பர் இல்லீங்க, உள்ள இருக்கிற காத்து. பக்கவாட்டு உயரம் 80லேர்ந்து 65 சதவீதமா குறைஞ்சா காத்துக்கு இடமும் குறையும்.

இப்ப வழக்கமான சால்ஜாப்புகளுக்கு வருவோம்.

"நாம என்ன 190லயா போறோம்?" அந்த 190 சும்மா வந்ததில்ல. குறிச்ச லோடு, சரியான காத்து, இது ரெண்டும் இருந்தாத்தான் அந்த எழுத்துக்கு மதிப்பு. காத்து குறைஞ்சா டயர் சுத்துக்குச் சுத்து நசுங்கி நிமிரும், சூடு ஏறும். 90லயே முட்டை போடும், என்னுது போட்ட மாதிரி. வெயிலுக்குக் காத்தைக் குறைக்கிற வைத்தியம், காய்ச்சல்காரனுக்குக் கம்பளி போர்த்துற கதை.

"நாலு டயருக்கும் 1900 கிலோ, அவ்வளவு எடை ஏது?" நாலு பேரும் சமமாத் தூக்கினா சரி. டைரி எல்லாம் பின்னாடி இருந்தா தூக்குறது ரெண்டு பேர்தான். பள்ளத்துல விழும்போது அவங்க நிலைமை இன்னும் மோசம்.

நம்ம ஊர்க்காரனுக்கு இதைப் பாடம் எடுக்கணுமா? பட்டாசு ஆலையில ஒவ்வொரு அறைக்கும் இத்தனை பேர், இத்தனை கிலோ மருந்துன்னு கணக்கு இருக்கு. 2012 செப்டம்பர் 5ல முதலிப்பட்டியில 30 பேருக்கு மேல செத்தாங்க. விபத்துன்னு சேதி வந்தா நாம கேக்குற முதல் கேள்வியே "உள்ள எத்தனை பேர்? எவ்வளவு மருந்து?"ங்கிறதுதான். அளவை மீறினா என்ன ஆகும்னு சாவு வீட்டுல நின்னு கத்துக்கிட்ட ஊர் இது. அதே ஊர்க்காரன் நான், எண்ணைப் பார்க்காம வண்டியில அடைச்சேன். லாரிக்காரன் ஓவர்லோடு ஏத்துறான்னு நீட்டி முழக்கிப் பதிவும் போட்டிருக்கேன்! லாரி டயர்ல ஒத்தைச் சக்கரத்துக்கு ஒண்ணு, ஜோடிச் சக்கரத்துக்கு ஒண்ணுன்னு ரெண்டு எண் இருக்கும். அவங்க லோடைப் பத்திப் பேசுறாங்க, நாம வேகத்தைப் பத்திப் பேசுறோம். இதுல யார் படிச்சவன்?

தீபாவளிக்கு முன்னாடி சிவகாசிக்கு வர்ற வெளியூர் காரைப் பாருங்க. குடும்பமே உள்ள, டிக்கி மூடாம பட்டாசுப் பெட்டி, மேல கேரியர்ல ஒரு கட்டு. அந்த டயர்ல என்ன எண்ணுன்னு கேட்டா "அலாய் வீல் சார்"னு பதில் வரும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். டிரைவர் கதவைத் திறங்க, தூண்ல ஸ்டிக்கர் இருக்கும். பல வண்டியில சாதா லோடுக்கு ஒரு காத்தும், முழு லோடுக்கு ஒரு காத்தும் போட்டிருப்பான். டயர் ஆறினப்புறம் அந்தக் கணக்குக்கு அடிங்க. டயர் மாத்தும்போது எண்ணும் எழுத்தும் கம்பெனி சொன்னதுக்குக் கீழ போகக்கூடாது. கடைக்காரர் என்ன சொன்னாலும் குனிஞ்சு நீங்களே படிங்க.

அன்னைக்கு ஸ்டெப்னி மாட்டி, காத்து ஏத்தி, பாதிக் கட்டை டீக்கடையிலேயே இறக்கி வச்சிட்டுப் போனோம். காலண்டர் ஒரு நாள் லேட். பரவாயில்ல. அந்த டயருக்கு நேர் மேலதான் என் பொண்ணு வழக்கமா உக்கார்ற இடம்.

டிஸ்கி: பின்னூட்டத்துல திட்டலாம். அதுக்கு முன்னாடி கீழ இறங்கிப் போய் உங்க டயர் எண்ணைப் பார்த்துட்டு வந்து, அதையும் சேர்த்து எழுதிட்டுத் திட்டுங்க.