டூருக்கு இஎம்ஐ கட்டுறதுக்கு முன்னாடி, ஒரு நாள் ஸ்ரீவில்லிபுத்தூர் போயிட்டு வாங்க

பர்சனல் லோன் வீடியோவுக்குக் கீழ நிறைய பேர் கேட்ட ஒரே கேள்வி: "ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் பாலி போறாங்க, நானும் லோன் போட்டுப் போகலாமா?"

என் கருத்து, வேண்டாம். ஏன்னு கணக்கோட பாக்கலாம்.

1 லட்சம் ரூபாய் லோன், 14% வட்டி, 24 மாசம்னு வச்சுக்கோங்க. இஎம்ஐ சுமார் 4,800 ரூபாய். மொத்தமா கட்டுறது ஏறக்குறைய 1,15,200. ப்ராசஸிங் ஃபீஸ் தனி. அதே 4,800-ஐ மாசாமாசம் உங்க பேர்லயே ஆர்.டி. போட்டீங்கன்னா, வட்டியைச் சேர்க்காமலே 21 மாசத்துல 1 லட்சம் கையில இருக்கும். அதாவது, பொறுத்துப் போனா 21 மாசத் தவணை. அவசரப்பட்டுப் போனா 24 மாசத் தவணை. டூர் ஒண்ணுதான், விலைதான் வேற.

"அதுவரைக்கும் வீட்லயே உக்காந்திருக்கணுமா?"ன்னு நீங்க கேக்கறது நியாயம்தான். ஆபீஸ், ரூம், ட்ராஃபிக்னு ஓடுற மனுசனுக்கு ஒரு மாற்றம் வேணும். அதுக்குத்தான் ஒரு நாள் பயணம்.

லண்டன்ல வேலை பாக்குறவங்க காலையில ரயில் ஏறி கேன்டர்பரி போவாங்க. பழைய தேவாலயத்தைப் பாத்துட்டு, தெருவுல நடந்துட்டு, ராத்திரி வீடு திரும்பிடுவாங்க. அந்த தேவாலயத்தைச் சுத்திப் பாக்கவே டிக்கெட் எடுக்கணும். நமக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் இருக்கு. ராஜபாளையத்துல இருந்து சுமார் 12 கிலோமீட்டர். மதுரையில இருந்தும் பஸ், ரயில் ரெண்டும் உண்டு. பொது தரிசனத்துக்குக் காசு கிடையாது.

ராஜபாளையம் பக்கத்துப் பசங்களுக்கே ஒரு கேள்வி. வடபத்ரசாயி கோயிலோட 11 நிலை ராஜகோபுரத்தைப் பஸ் ஜன்னல் வழியா எத்தனை தடவை பாத்திருப்பீங்க? உள்ள போய் நிதானமா நின்னு எத்தனை தடவை பாத்திருக்கீங்க? 190 அடிக்கு மேல உயரம். பெரியாழ்வாரும் ஆண்டாளும் பிறந்த ஊர். மாலையைச் சூடிக்கிட்டு ஆண்டாள் அழகு பாத்ததா சொல்ற கண்ணாடிக் கிணறு அங்க இருக்கு. ஆண்டாள் கையில இருக்கற கிளியைத் தினமும் இலையாலயே புதுசா செய்யறாங்க. சாமி கும்பிடாதவங்களுக்கும் இதெல்லாம் பாக்க வேண்டிய விஷயம்தான்.

மதியம் நடை சாத்திடுவாங்க, அதனால காலையிலேயே போயிடுங்க. சாப்பிட்டுட்டு 1875-ல தொடங்கின பென்னிங்டன் நூலகத்தை எட்டிப் பாருங்க. மேற்கே செண்பகத்தோப்பு, சாம்பல் நிற அணில்களோட காடு. 2021-ல இருந்து அது புலிகள் காப்பகத்துல ஒரு பகுதி. அதனால வனத்துறை அனுமதி இருக்கான்னு கேட்டுட்டுப் போங்க. திரும்பும்போது ராஜபாளையத்துல காந்தி கலை மன்றம். 1949-ல இருந்து 1952 வரை முதலமைச்சரா இருந்த பி.எஸ்.குமாரசாமி ராஜா கலைக்காகக் கொடுத்த சொந்த வீடு அது. சொத்து சேர்க்கறதைப் பத்தியே பேசுற நமக்கு, அந்த வாசல்ல அஞ்சு நிமிஷம் நிக்கறது நல்லது.

இப்போ செலவு. நாலு பேர் குடும்பத்துக்கு 2,000 ரூபாய்னு முதல்லயே முடிவு பண்ணிடுங்க. ராஜபாளையத்துல இருந்து பஸ்ல போனா தாராளமா போதும். மதுரையில இருந்து வந்தாலும், கார் வைக்காம இருந்தா சமாளிக்கலாம். பட்ஜெட்டை உடைக்கற ஒரே ஆள் பால்கோவாதான்! 2019-ல புவிசார் குறியீடு வாங்கின சரக்கு. ஆபீஸ்ல இருக்கற எல்லாருக்கும் வாங்கணும்னு கை போகும். அரை கிலோவோட நிறுத்துங்க. ஒரு விஷயம், அங்க கொடுக்கற காசு பால் கறக்கறவர், அடுப்புல நின்னு கிண்டுறவர், பூக்காரம்மான்னு நம்ம ஊர்லயே சுத்தும். லோன் வட்டி அப்படிச் சுத்தாது.

"கோயில் ஊரும் பாலியும் ஒண்ணா ப்ரோ?"ன்னு கேப்பீங்க. ஒண்ணு இல்லதான். கடல் கடந்து போற அனுபவம் வேற. அதுக்கு ஆசைப்படுறதுல எந்தத் தப்பும் இல்ல, சேர்த்து வச்சுப் போங்க. ஆனா லோன் போட்டுப் போற டூர்ல நம்ம கணக்குல வராத ஒரு இழப்பு இருக்கு. அடுத்த 24 மாசம், அம்மா அப்பாவை எங்கயாவது கூட்டிட்டுப் போகணும்னு நினைக்கறப்போ எல்லாம், "இஎம்ஐ முடியட்டும்மா"ன்னு சொல்லுவோம். அவங்களும் "பரவால்லப்பா"ம்பாங்க. அவங்க முழங்கால் நம்ம இஎம்ஐ முடியறதுக்காகக் காத்திருக்காது. இன்னிக்கு அந்தப் பெரிய பிராகாரத்தை நடந்து சுத்தி வர்றவங்க, அஞ்சு வருஷம் கழிச்சு வெளிய ஒரு திண்ணையில உக்காந்துக்கிட்டு "நீங்க போயிட்டு வாங்க"ன்னு சொல்லலாம். உங்க சம்பளம் ஏறும். அந்த நடை திரும்ப வராது.

அதனால இந்த மாச சம்பளம் வந்ததும் ரெண்டு வேலை பண்ணுங்க. ஒண்ணு, பெரிய டூருக்கு ஒரு ஆர்.டி. ஆரம்பிங்க. ரெண்டு, 2,000 ரூபாயைத் தனியா எடுத்து வச்சுட்டு, ஊருக்கு போன் போட்டு தேதியைச் சொல்லுங்க. ஆடிப்பூரத் தேர் சமயம் கூட்டம் அதிகம், வயசானவங்களோட போறதா இருந்தா வேற ஒரு சாதாரண நாளைப் பாருங்க.

உங்க ஊர்ல இருந்து ஒரே நாள்ல போயிட்டு வரக்கூடிய இடம் எது, எவ்வளவு செலவாச்சுன்னு கமெண்ட்ல எழுதுங்க. அடுத்தவங்களுக்கு உதவும்.