அந்தக் கோச்சைத் தூக்குங்கள்!

2022 ஆகஸ்ட் 27, டப்ளின் நகரின் அவிவா மைதானம். அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்துப் பருவத்தின் தொடக்க ஆட்டங்களில் ஒன்றை அந்த ஆண்டு அயர்லாந்தில் வைத்திருந்தார்கள். நெப்ராஸ்கா பல்கலைக்கழக அணி, நார்த்வெஸ்டர்னைவிட 28-17 என்று முன்னணியில் இருந்தது. மூன்றாவது கால்பகுதி. பந்தை எதிரணி எல்லைக்குத் தூர உதைத்து அனுப்பியிருந்தால் போதும். தலைமைப் பயிற்சியாளர் ஸ்காட் ஃப்ராஸ்டுக்கு அது போதவில்லை. குட்டையாக உதைத்து, பந்தைத் தம் அணியே திரும்பப் பிடித்துக்கொள்ளட்டும் என்று உத்தரவிட்டார். பந்து நேராக நார்த்வெஸ்டர்ன் கைக்குப் போனது. அதன்பிறகு நெப்ராஸ்கா ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. 31-28 என்று தோற்றது.

இரண்டு வாரம் கழித்து, செப்டம்பர் 10 அன்று, சொந்த ஊரான லிங்கனில் ஜார்ஜியா சதர்ன் என்ற சிறிய அணியிடம் 45-42 என்று தோல்வி. மறுநாளே ஃப்ராஸ்டை வீட்டுக்கு அனுப்பினார்கள். அவருடைய ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது: அக்டோபர் 1 வரை காத்திருந்தால் தரவேண்டிய நஷ்டஈடு 1.5 கோடி டாலரிலிருந்து 75 லட்சமாகக் குறையும். இருபது நாள் பொறுத்தால் 75 லட்சம் டாலர் மிச்சம். பொறுக்கவில்லை. ஊரே கொதித்துக்கொண்டிருந்தது.

அந்தக் கொதிப்பு எனக்குப் புரியாமல் இல்லை. ஹெல்மெட்டும் தோள் கவசமும் மாட்டிக்கொண்டு ஆடும் இந்த ஆட்டத்தைத் தொடர்ந்து பார்ப்பவர்களுக்கு, தங்கள் அணியின் தாக்குதல் வரிசை குழம்பி நிற்பதைப் போல எரிச்சலூட்டும் காட்சி வேறில்லை. பத்து யார்டு முன்னேற நான்கு வாய்ப்பு. முதல் வாய்ப்பில் நடுவில் முட்டி ஒரு யார்டு. இரண்டாவதில் எவனோ ஒருவன் முன்கூட்டியே அசைந்து ஐந்து யார்டு அபராதம், திரும்ப ஆடியும் முன்னேற்றம் இல்லை. மூன்றாவதில் பதினான்கு யார்டு வேண்டும் என்கிற இடத்தில் மூன்று யார்டுக்கு ஒரு பாஸ். நான்காவதில் பந்தை உதைத்து எதிரணியிடம் ஒப்படைப்பு. இதையே மூன்றரை மணி நேரம் பார்த்தால் யாருக்கும் வாய் சும்மா இருக்காது. "இவனுக்கெல்லாம் யார் வேலை கொடுத்தது?"

அந்தக் கேள்வியிலிருந்து ஒரே தாவலில் ஒரு தீர்ப்புக்குப் போய்விடுகிறார்களே, அதோடுதான் எனக்குச் சண்டை. கோச்சைத் தூக்கு, எல்லாம் சரியாகிவிடும். அலபாமாவிலிருந்து நெப்ராஸ்காவரை எல்லா ஊரிலும் இதை வேதமாக நம்புகிறார்கள். ரசிகர்கள் மட்டுமல்ல, பல்கலைக்கழக விளையாட்டுத் துறை இயக்குநர்களும், கோடிகளைக் கொட்டும் பழைய மாணவர்களும் நம்புகிறார்கள். குழப்பத்துக்கு இவர்கள் சொல்லும் மருந்துதான் பெரும்பாலும் அடுத்த குழப்பத்துக்கு வித்து.

முதலில், குழப்பம் என்று நாம் பார்ப்பது எதை? தொலைக்காட்சிக் கேமரா பந்தைத் துரத்துகிறது. பந்து போன இடம் தவறாகத் தெரிந்தால், அங்கே போகச் சொன்னவன் முட்டாள் என்று முடிவு கட்டுகிறோம். ஆனால் ஒரு உத்தி பலிக்கப் பதினொரு பேர் ஒரே நேரத்தில் சரியாக இருக்கவேண்டும். முன்வரிசையில் நிற்கும் ஐந்து தடியர்களில் ஒருவன், தன் மீது பாய்பவனை விட்டுவிட்டுப் பக்கத்தில் இருப்பவனைத் தடுக்கப் போனால் போதும், பந்தை வாங்கித் தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக் தரையில் கிடப்பான். அந்த ஒருவன் செய்தது கேமராவில் ஒரு கணம்கூட விழுவதில்லை. நடுவில் முட்டும் அதே ஓட்டம் ஆறு யார்டு தந்தால் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. ஒரு யார்டு தந்தால் மட்டும் உத்தி சொன்னவர் மண்டையில் மூளை இல்லை.

அந்த உத்தி களத்துக்குப் போய்ச் சேரும் வழியையும் பார்க்கவேண்டும். 2024 வரை கல்லூரி ஆட்டத்தில் குவார்ட்டர்பேக்கின் ஹெல்மெட்டுக்குள் பயிற்சியாளர் குரல் கேட்க அனுமதி இல்லை. களத்தின் ஓரத்தில் நாலைந்து பேர் கையை ஆட்டிச் சைகை காட்டுவார்கள். அதில் ஒருவர் காட்டுவதுதான் நிஜம், மற்றவை எதிரணியை ஏமாற்ற. சிலர் கார்ட்டூன் படங்கள் ஒட்டிய பெரிய அட்டைகளைத் தூக்கிப் பிடிப்பார்கள். பத்தொன்பது, இருபது வயதுப் பையன்கள் அதைப் படித்து, எதிரணி நிற்கும் நிலையைக் கணித்து, நாற்பது விநாடிக் கடிகாரம் தீர்வதற்குள் பந்தை எடுக்கவேண்டும். இப்போது ஹெல்மெட்டில் ஒலிபெருக்கி வந்துவிட்டது என்றாலும், களத்தில் ஒரே ஒருவனுக்குத்தான் அந்தக் குரல் கேட்கும். கடிகாரத்தில் பதினைந்து விநாடி மிச்சமிருக்கும்போது அதுவும் அறுந்துவிடும். மற்ற பத்துப் பேரும் ஒரே மொழியில் யோசித்தால்தான் காரியம் நடக்கும். அந்த மொழி படிய ஆண்டுகள் பிடிக்கும். ஆட்டப் பருவத்தில் மாணவர்களிடம் வாரத்துக்கு இருபது மணி நேரத்துக்கு மேல் பயிற்சி வாங்கக்கூடாது என்பது விதி.

இப்போது கோச்சை மாற்றுங்கள். மொழியே மாறிவிடுகிறது. முன்பு பாதி தெரிந்து தடுமாறிய பையன், இனி முழுக்கத் தெரியாமல் தடுமாறுவான். அவனோடு இருந்தவர்களில் நல்லவர்கள், தலைமைப் பயிற்சியாளர் போனால் கிடைக்கும் தனி அவகாசத்தில், வேறு பல்கலைக்கழகத்துக்குத் தாவியிருப்பார்கள்.

நெப்ராஸ்காவின் கதை இதற்கு ஊரறிந்த சாட்சி. 1962 முதல் ஒரு ஆட்டத்துக்குக்கூட டிக்கெட் மீதியில்லாமல் நிரம்பும் மைதானம் அது. 25 பருவம் அணியை நடத்திய டாம் ஆஸ்போர்ன் 255 ஆட்டங்களை வென்று, மூன்று தேசியப் பட்டங்களை வாங்கிக் கொடுத்துவிட்டு 1997 பருவத்தோடு ஓய்வு பெற்றார். அவரிடமே உதவியாளராக இருந்த ஃப்ராங்க் சோலிச் வந்தார். அவருடைய கணக்கு 58 வெற்றி, 19 தோல்வி. 2002-ல் ஏழுக்கு ஏழு என்று சறுக்கினார். உதவியாளர்களை மாற்றி, 2003-ல் ஒன்பது வெற்றிக்கு அணியைத் தூக்கி நிறுத்தினார். அந்த ஒன்பதாவது வெற்றியின் கையோடு அவரை நீக்கினார்கள். அணி நடுத்தரத்துக்கு இறங்குவதை ஏற்க முடியாது என்பது அன்றைய விளையாட்டு இயக்குநரின் வாதம்.

நடுத்தரத்துக்கு இறங்கவிடாமல் பார்த்துக்கொண்டார்கள், உண்மைதான். அதற்கும் கீழே இறக்கினார்கள். தொழில்முறை அணியான ஓக்லண்ட் ரெய்டர்ஸிலிருந்து பில் கேலகன் வந்தார். பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்கென்று ஊர் ஊராகத் தேடிப் பொறுக்கி, எடைப் பயிற்சியில் வளர்த்த பையன்களிடம், நாளை முதல் பாஸ் ஆடுங்கள் என்றார். 2004-ல் டெக்சஸ் டெக் அணியிடம் 70-10. பருவ முடிவில் ஐந்து வெற்றி, ஆறு தோல்வி. 1961-க்குப் பிறகு நெப்ராஸ்கா தோல்விக் கணக்கில் பருவத்தை முடித்தது அதுதான் முதல் முறை. 2007-ல் கேன்சஸ் 76 புள்ளிகளைக் குவித்தது. கேலகனும் போனார்.

அடுத்து போ பெலினி. ஏழு பருவத்தில் ஒன்றில்கூட ஒன்பது வெற்றிக்குக் குறையவில்லை. அவருடைய வாய் கொஞ்சம் நீளம், அது வேறு விஷயம். 2014-ல் ஒன்பது வெற்றியோடு அவரும் வெளியே. அடுத்து வந்த மைக் ரைலி 19 வெற்றி, 19 தோல்வி. அப்புறம்தான் ஃப்ராஸ்ட், 1997 பட்ட அணியின் குவார்ட்டர்பேக், மண்ணின் மைந்தர், 2017-ல் சென்ட்ரல் ஃப்ளோரிடாவை ஒரு தோல்வியும் இல்லாமல் நடத்தியவர். மேள தாளத்தோடு அழைத்து வந்தார்கள். 16 வெற்றி, 31 தோல்வி. 2021-ல் தோற்ற ஒன்பது ஆட்டங்களும் ஒற்றை இலக்கப் புள்ளி வித்தியாசத்தில் போனவை.

ஃப்ராஸ்டை நீக்கியது தவறு என்று நான் சொல்லமாட்டேன். அவர் போகவேண்டியவர்தான். ஆனால் அவரை வரவழைத்ததும் இதே நம்பிக்கைதான் என்பதை மறந்துவிடுகிறார்கள். ஒரு ஆள் எல்லாவற்றையும் கெடுத்தான் என்று நம்புகிறவனுக்கு, ஒரு ஆள் எல்லாவற்றையும் மீட்டுவிடுவான் என்று நம்பாமல் இருக்க முடியாது. பெயர்தான் இரண்டு, பித்து ஒன்றே.

நெப்ராஸ்காவின் துரதிர்ஷ்டம் இது, விதி அல்ல என்று வாதிடலாம். ஆனால் 1997 முதல் 2010 வரையிலான பருவங்களை எடுத்து அரசியல் அறிவியல் ஆய்வாளர்கள் மூவர் ஒரு கணக்குப் போட்டார்கள். ‘சோஷியல் சயன்ஸ் குவார்ட்டர்லி’ இதழில் வெளிவந்தது. கோச்சை நீக்கிய அணிகளை, அதே தரத்தில் இருந்தும் நீக்காத அணிகளோடு ஒப்பிட்டார்கள். மிக மோசமான அணிகளுக்கு மாற்றத்தால் பெரிய பலன் இல்லை. நடுத்தர அணிகளோ, மாற்றிய பிறகு நீக்காத அணிகளைவிட மோசமாகின. புதியவர் வந்த பிறகு கொஞ்சம் ஏறுவதைப் பார்த்து ‘பார்த்தீர்களா!’ என்கிறோமே, அந்த ஏற்றம் பழையவர் இருந்திருந்தாலும் வந்திருக்கும். பள்ளத்தில் கிடப்பவன் அடுத்த அடி வைத்தால் மேட்டுக்குத்தான் வருவான்.

ஐயோவாவை என்ன செய்வாய் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஐயோவா அணியின் தாக்குதலை நடத்தியவர் பிரையன் ஃபெரன்ட்ஸ், தலைமைப் பயிற்சியாளர் கிர்க் ஃபெரன்ட்ஸின் மகன். 2022-ல் சவுத் டகோட்டா ஸ்டேட்டை 7-3 என்று வென்றார்கள். அந்த ஏழில் மூன்று, கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்து எடுத்த ஒரு ஃபீல்டு கோல். மீதி நான்கு, எதிரணியை அவர்களுடைய எல்லைக் கோட்டுக்குள்ளேயே மடக்கித் தடுப்பு வரிசை பெற்றுக் கொடுத்தவை. ஊர் சிரித்தது. ஆட்டத்துக்குச் சராசரியாக 25 புள்ளி எடுத்தாக வேண்டும் என்று மகனின் ஒப்பந்தத்திலேயே எழுதினார்கள். 2023-ல் சராசரி 15 சொச்சம். பருவம் முடிந்ததும் அவர் போனார். டிம் லெஸ்டர் வந்த அடுத்த ஆண்டே சராசரி 27-க்கு மேல். ஆக, ஆளை மாற்றினார்கள், ஆட்டம் மாறியது!

கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். 1999 முதல் அங்கே தலைமைப் பயிற்சியாளர் ஒருவரே. தடுப்பு வரிசையை நடத்துபவர் மாறவில்லை. முன்வரிசைப் பையன்கள் அதே பையன்கள். அவர்கள் திறந்துவிட்ட சந்தில் கேலப் ஜான்சன் என்ற ஒருவன் 1,500 யார்டுக்கு மேல் ஓடி 21 டச் டவுன் எடுத்தான். பாஸ் ஆட்டம் அப்போதும் நாட்டின் கடைசி வரிசையிலேயே கிடந்தது. வீட்டை இடிக்காமல் ஒரு ஜன்னலை மாற்றினார்கள். இடித்துக் கட்டச் சொல்பவர்கள் இதை உதாரணம் காட்டக்கூடாது. அப்பன் தன் மகனுக்கே அந்த வேலையைக் கொடுத்து அத்தனை காலம் வைத்திருந்தது சரியா என்றால், இல்லை. அதில் ரசிகர்கள் பக்கம்தான் நான்.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2023 நவம்பரில் டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம், ஜிம்போ ஃபிஷரை வேலையை விட்டு அனுப்ப 7.5 கோடி டாலருக்கு மேல் கொடுக்க ஒப்புக்கொண்டது. ஆபர்ன் 2020-ல் கஸ் மால்சானுக்கும் 2022-ல் பிரையன் ஹார்சினுக்கும் சேர்த்து 3.5 கோடிக்கு மேல் எழுதிக் கொடுத்தது. இந்தத் தொகைகள் எங்கிருந்து முளைத்தன? நல்ல கோச் வேறு ஊருக்குப் போய்விடுவாரோ என்ற பயத்தில், ஒரு நல்ல பருவம் முடிந்ததுமே ஒப்பந்தத்தை நீட்டித்துக் கொடுப்பதால். ஃப்ராஸ்டுக்கு நல்ல பருவம்கூடத் தேவைப்படவில்லை; தோல்விக் கணக்கில் இருந்தபோதே 2019-ல் இரண்டு ஆண்டு நீட்டிப்பு. ‘தூக்கு’ என்று கத்தும் கூட்டம் எவ்வளவு பெரிதோ, கோச்சுகளின் முகவர்கள் கேட்கும் நஷ்டஈடும் அவ்வளவு பெரிது. கத்தியவர்கள் கேட்டது கிடைத்தது, நீக்கப்பட்டவருக்கும் குறையில்லை. புதுமொழி படிக்க உட்கார்ந்த பையனுக்குத்தான் நான்கு ஆண்டுக் கல்லூரி வாழ்க்கையில் மூன்று ஆசான்கள்.

இதே அளவுகோலை வைத்தால் ஆஸ்போர்னே தப்பியிருக்கமாட்டார். பரம எதிரியான ஓக்லஹோமாவிடம் முதல் ஐந்து ஆண்டும் தோற்றவர் அவர். 1987 பருவம் முதல் 1993 வரை, பருவ முடிவில் தேர்ந்த அணிகள் ஆடும் ‘பவுல்’ ஆட்டங்கள் ஏழில் வரிசையாகத் தோற்றார். பெரிய ஆட்டத்தில் இவருக்கு வராது என்று லிங்கனிலேயே பேசினார்கள். முதல் பட்டம் வந்தது அவருடைய 22-ஆவது பருவத்தில். வர்ஜீனியா டெக்கின் ஃப்ராங்க் பீமர் முதல் ஆறு பருவத்தில் 24 வெற்றி, 40 தோல்வி, 2 டிரா. ஆறாவது பருவத்தில் வென்றது இரண்டே ஆட்டம். உதவியாளர்கள் சிலரை மாற்றச் சொன்னார்கள், அவரை வைத்துக்கொண்டார்கள். அடுத்த ஆண்டு தொடங்கி 23 பருவம் விடாமல் பவுல் ஆட்டம்; 1999 பருவத்தில் தேசியப் பட்டத்துக்கான இறுதியாட்டம்.

ஐயோவாவும் நெப்ராஸ்காவும் ஆண்டுதோறும் நவம்பரில் மோதுகின்றன. 2023-ல் ஐயோவாவின் தாக்குதலுக்குப் பிரையன் ஃபெரன்ட்ஸ் பொறுப்பு, நெப்ராஸ்காவுக்கு மார்க்கஸ் சாட்டர்ஃபீல்டு. கடைசி விநாடி ஃபீல்டு கோலில் ஐயோவா 13-10 என்று வென்றது. 2024-ல் அதே மோதல் வந்தபோது ஐயோவா பக்கம் லெஸ்டர். நெப்ராஸ்கா பக்கம், பருவத்தின் நடுவிலேயே சாட்டர்ஃபீல்டிடமிருந்து பொறுப்பைப் பிடுங்கிக் கொடுத்திருந்த டேனா ஹோல்கர்சன். இரண்டு பக்கமும் புது மூளை. நெப்ராஸ்கா எதிரணியைப்போல் ஏறக்குறைய இருமடங்கு யார்டு முன்னேறியது, பந்தைக் கைநழுவவிட்டது, கடைசி விநாடி ஃபீல்டு கோலில் மறுபடியும் 13-10 என்று தோற்றது.