வலிப்பில்லாத குழந்தையும் மூளை மின்னலைப் பதிவும்



தலைத்தோலில் மின்வாய்களை ஒட்டி மூளையின் மின்னழுத்த மாறுதல்களை வரைந்து காட்டும் இ.இ.ஜி. பரிசோதனையில், வலிப்பே வந்திராத குழந்தைகளுக்கும் 'கூர்முனை அலைகள்', அதாவது நரம்பணுக்கள் பல ஒரே கணத்தில் சேர்ந்து மின்விசை வெளியிடுவதால் எழும் கூரிய அலைகள், தென்படுவது உண்டு என்பது பெற்றோர் பலர் அறியாத செய்தி. இத்தாலியில் 6 முதல் 13 வயது வரையிலான 3,726 பள்ளிக் குழந்தைகளை ஆராய்ந்து 1980இல் வெளியான கவாசூட்டி குழுவினரின் கட்டுரை, அவர்களுள் 131 பேரிடம், ஏறத்தாழ 3.5 விழுக்காட்டினரிடம், இத்தகைய அலைகளைக் கண்டது. ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்தபோது அந்த 131 பேரில் 7 பேருக்கே வலிப்பு வந்தது. எனவே, தலைவலிக்காகவோ கவனக்குறைவுக்காகவோ எடுக்கப்பட்ட பதிவில் ஓர் அலை தென்பட்டவுடன், கல்லீரலைப் பாதிக்கவும் உடல் எடையைக் கூட்டவும் கூடிய வால்ப்ரோயேட் போன்ற வலிப்புத் தடுப்பு மருந்தைத் தொடங்குவது, தாளுக்குச் செய்யும் மருத்துவமேயன்றிக் குழந்தைக்குச் செய்யும் மருத்துவம் ஆகாது.

இதற்கு விலக்கும் உண்டு, அது மிக முக்கியமானது. 1957இல் விவரிக்கப்பட்ட லாண்டாவ்–க்ளெஃப்னர் நோய்த்தொகுதியில், நன்றாகப் பேசி வந்த குழந்தை சொற்களைப் புரிந்துகொள்ளும் திறனை இழக்கிறது. உறக்கத்தில் அலைகள் மிகுகின்றன. ஆயினும் சில குழந்தைகளுக்கு வலிப்பு வருவதே இல்லை. கற்ற மொழி மறையத் தொடங்கும் குழந்தைக்கு, வலிப்பு இல்லை என்று காலம் தாழ்த்தாமல், உறக்கநிலைப் பதிவும் எடுக்குமாறு பெற்றோர் குழந்தை நரம்பியல் மருத்துவரிடம் கேட்க வேண்டும்.